ஐந்து வயதுக் குறும்பனும் அவன் வீட்டுப் பெரியவர்களும்

(பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பானில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கென்று ஒரு தேசியப் பேரவை இருக்கிறது. பிள்ளைகள் எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என அந்தப் பேரவை பெற்றோரிடம் கருத்துக் கேட்டுவந்தது. அந்தப் பட்டியலின் மேல் வரிசையில் ஆண்டுக்கு ஆண்டு இடம்பிடித்துவந்தது ஒரு கார்ட்டூன். அதே கார்ட்டூனில் வரும் குடும்பத்துக்கு, 2004ஆம் ஆண்டு, கசுகாபே நகராட்சி சிறப்புக் குடியிருப்பாளர் பதிவு கொடுத்தது. டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. நகராட்சி உருவான 50ஆம் ஆண்டு விழாவை ஒட்டி நடந்த பதிவு. பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் துணைநிற்கும் ஊர் எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்வதற்கும் கசுகாபே அந்தக் குடும்பத்துச் சிறுவனின் படத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

ஒரே நாடு, ஒரே பிள்ளை. ஒரு பக்கம், இவனைப் பார்த்தால் நம் பிள்ளை கெட்டுப்போகும் என்ற அச்சம். இன்னொரு பக்கம், இவன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்ற பெருமை. அவன் முழுப்பெயர் நொஹாரா ஷின்னொசுகே. வயது 5. தமிழ் வீடுகளில் ஷின்சான் என்றால்தான் தெரியும்.

இந்த இரண்டு தீர்ப்புகளில் எது சரி என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளையை யார் வரைந்தார், யாருக்காக வரைந்தார், அவன் எந்த வழியாகக் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தான் என்று பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஷின்சானின் குறும்பு குறிவைத்தது குழந்தைகளை அல்ல, பெரியவர்களை. அக்கம்பக்கத்தாருக்குக் காட்டும் முகத்துக்கும் வீட்டுக்குள் வாழும் வாழ்க்கைக்கும் நடுவே நாம் போட்டுவைத்திருக்கும் திரையை இழுத்துவிடுவதுதான் அவன் வேலை.

அவனைப் படைத்தவர் யோஷிதோ உசுயி. 1958 ஏப்ரலில் ஷிசுவோகாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கசுகாபேவுக்குக் குடிவந்தவர். கடைகளுக்குள் வைக்கும் விளம்பரங்களைத் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே படம் வரைந்தார். 1980களில் ஃபுதபாஷா பதிப்பகத்தின் 'மங்கா ஆக்‌ஷன்' வார இதழில் அவருடைய முதல் படக்கதைத் தொடர் வந்தது. ஒரு பேரங்காடியில் வேலை செய்பவர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. பின்னாளில் ஷின்சானின் அம்மா தள்ளுபடி விற்பனைக்கு முண்டியடித்து ஓடும் காட்சிகளில் அவ்வளவு உயிர் இருப்பதற்கு, கடைகளை உள்ளிருந்து பார்த்த இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அந்தப் பேரங்காடிக் கதையில் ஷின்னொசுகே என்ற பெயரில் ஒரு பாத்திரம் உண்டு. அவன் குழந்தையாக இருந்தால் எப்படி இருப்பான் என்ற யோசனையிலிருந்து பிறந்ததுதான் புதிய தொடர். 'கிரேயான் ஷின்சான்' என்ற தலைப்பில் 1990ஆம் ஆண்டு அதே இதழில் அது தொடங்கியது.

இதழின் பெயரைக் கவனியுங்கள். மங்கா ஆக்‌ஷன் குழந்தைகள் பத்திரிகை அல்ல. 1967இல் தொடங்கிய அந்த இதழ், வளர்ந்த ஆண்களுக்கானது. 'லூபின் தி தேர்டு' என்ற திருடன் கதை அதன் முதல் இதழிலேயே வந்தது. பச்சைக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலையும் கூலிக்கொலையாளிச் சாமுராயின் கதை, 'லோன் உல்ஃப் அண்ட் கப்', 1970இல் அங்கேதான் தொடங்கியது. ஒரு தகப்பனும் ஒரு சின்னப் பிள்ளையும் மரணப் பாதையில் நடந்த அதே பக்கங்களில், 20 ஆண்டு கழித்து இன்னொரு தகப்பனும் பிள்ளையும் வந்தார்கள். இந்தத் தகப்பன் கையில் வாள் இல்லை. அலுவலகப் பையும் வீட்டுக் கடனும் இருந்தன.

அந்த இதழை வாங்கிப் படித்தவர்களில் பலர் வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் ஆண்கள். அவர்களுக்கென்று எழுதிய நகைச்சுவை அதற்கேற்றபடிதான் இருந்தது. ஐந்து வயதுப் பையன் தெருவில் போகும் இளம்பெண்களிடம் வழிவது, கால்சட்டையைக் கழற்றிப் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு ஆடுவது, அப்பாவும் அம்மாவும் அறைக்குள் பேசுவதை ஊருக்கே சொல்வது, இவையெல்லாம் அந்த வாசகர் சிரிப்பதற்காக வரைந்தவை. இதை மறைத்துவிட்டு ஷின்சானைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இனி அந்த வீட்டுக்குள் போவோம். அப்பா ஹிரோஷி, வயது 35. வடக்கே அகிதா என்ற விவசாய மாநிலத்திலிருந்து டோக்கியோ வந்தவர். ஒரு வணிக நிறுவனத்தில் நடுமட்டப் பதவி. அம்மா மிசாயே, வயது 29. தெற்கே கியூஷு தீவின் குமமோதோவைச் சேர்ந்தவர். ஷிரோ என்று ஒரு வெள்ளை நாய். அதற்குச் சோறு போட ஷின்சான் அடிக்கடி மறந்துபோவான். 1996இல் ஹிமாவாரி என்ற தங்கை பிறந்தாள். அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மக்களிடமே கேட்டு வைத்தார்கள். கசுகாபேவில் இரண்டு மாடி வீடு, அதன் மேல் 32 ஆண்டுக் கடன்.

கதைகள் சின்னஞ்சிறியவை. சில பக்கங்களில் முடிந்துவிடும். காலையில் ஷின்சான் எழுந்திருக்க மாட்டான். எழுந்தால் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். வாசலில் மழலையர் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். ஆசிரியை புன்சிரிப்போடு காத்திருப்பார். அம்மா கத்துவாள். பேருந்து போய்விடும். தலைகூடச் சீவாத மிசாயே அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க மிதிப்பாள். பின்னால் உட்கார்ந்திருப்பவன் எதிரே வருகிற அழகான அக்காவைப் பார்த்து, குடைமிளகாய் சாப்பிடுவீர்களா என்று விசாரிப்பான். அவனுக்குக் குடைமிளகாய் ஆகவே ஆகாது. பெண்களிடம் பேச்சுக் கொடுக்க அவன் எடுத்துவிடும் கேள்வி அது.

இன்னொரு காட்சி. ஜப்பானில் வெளியே போய்விட்டு வருபவர் வாசலில் நின்று, வந்துவிட்டேன் என்று குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர், வாங்க வாங்க என்பார். பிறந்ததிலிருந்து எல்லாக் குழந்தையும் கேட்கும் வழக்கம் இது. ஷின்சான் வீட்டுக்குள் நுழையும்போது தானே, வாங்க வாங்க என்பான். மிசாயே திருத்துவாள். மறுநாளும் அதேதான். மறுநாளும் திருத்துவாள். ஆயிரம் முறை சொல்லியும் ஏறாத பிள்ளையை ஆயிரத்தொன்றாம் முறை திருத்தும் அம்மாவின் அலுப்பும் விடாப்பிடியும் அந்தச் சிறு கட்டத்தில் இருக்கின்றன. பிள்ளை வளர்த்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

மிசாயே பொறுமைசாலி அல்ல. கோபம் வந்தால் இரண்டு கை முட்டியையும் பிள்ளையின் பொட்டில் வைத்துத் திருகுவாள், நறுக்கென்று குட்டுவாள், தலையில் புடைப்பு எழும்பும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கணவனுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பாள். உடம்பைக் குறைக்கிறேன் என்று சபதம் செய்துவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் கேக் சாப்பிடுவாள். மதியம் தொலைக்காட்சி முன்னால் படுத்துத் தூங்கிவிடுவாள். இவை எல்லாவற்றையும் ஷின்சான் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டு அம்மா வந்து, வேலை எல்லாம் முடிந்ததா என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான்.

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். தாராளமாகப் பொய் சொல்வான். ஆனால் பெரியவர்கள் மானம் காக்கச் சொல்லும் பொய்க்கு மட்டும் துணைபோக அவனுக்குத் தெரியாது. உசுயியின் நகைச்சுவை முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

இதே கண்ணோடு அவனைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். நேனே என்ற தோழிக்குச் சொப்பு வைத்து விளையாடப் பிடிக்கும். ஆனால் அவள் நடத்தும் குடும்ப விளையாட்டில் கணவன் வேலை இழப்பான், வீட்டுக்கு வர நேரமாகும், மனைவி விவாகரத்து கேட்பாள். பையன்கள் நடுங்கிக்கொண்டு நடிப்பார்கள். நேனேயின் அம்மா வெளியே மிக நாகரிகமானவர். ஷின்சான் வீட்டுக்கு வந்து தொல்லை கொடுத்தால் புன்னகை மாறாமல் உபசரிப்பார். பிறகு மறைவாகப் போய் ஒரு பொம்மை முயலை ஓங்கி ஓங்கிக் குத்துவார். அதைப் பார்த்துவிட்டு நேனே, இது எப்போதும் போல இருக்கும் அம்மா இல்லை என்று அழுவாள். நாளாவட்டத்தில் நேனேயே அந்த முயலைக் குத்தத் தொடங்கிவிடுகிறாள். தாயின் அடக்கிவைத்த கோபம் மகளுக்குச் சீதனமாகப் போவதை ஒரு துணிப் பொம்மையை வைத்துக் காட்டிவிட்டார் உசுயி.

கசாமா இன்னொரு பையன். ஆங்கில வகுப்புக்குப் போகிறவன். பெரிய மனிதன் போலப் பேசுகிறவன். சிறுமிகள் பார்க்கும் மந்திரக்காரி கார்ட்டூன் மீது அவனுக்கு உள்ளூரக் கொள்ளை ஆசை. அது வெளியே தெரிந்தால் அவமானம் என்று ஐந்து வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டான். மசாவோ பயந்த சுபாவம். போ என்பவன் எப்போதும் மூக்கு ஒழுகியபடி, மெதுவாகப் பேசிக்கொண்டு, கூழாங்கற்கள் சேர்ப்பான். ஷின்சானையும் சேர்த்து இந்த ஐந்து பேரும் கசுகாபே பாதுகாப்புப் படை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பள்ளி முதல்வர் பார்ப்பதற்கு ரவுடிக் கும்பலின் தலைவர் போல இருப்பார். கருப்புக் கண்ணாடி, முரட்டு முகம். உண்மையில் அவரை விடச் சாதுவானவர் அந்த வட்டாரத்தில் இல்லை. தோற்றத்தை வைத்து எடை போடும் பெரியவர்களின் பழக்கத்துக்கு அவர் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். உருளைக்கிழங்கு போன்ற தலை, தடித்த புருவம், ஒரு பக்கமாகத் திரும்பினால் பிதுங்கி நிற்கும் கன்னம். நடுங்கும் கோடு. ஓவியத் திறமையைக் காட்டும் அழகு எதுவும் இல்லை. இது கைவராததால் வந்த குறை என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கோட்டினால்தான் அந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் தாங்குகிறது. அதே சேட்டைகளை மெருகான, உயிருள்ள உடலாக வரைந்திருந்தால் முதல் இதழிலேயே வாசகர் முகம் சுளித்திருப்பார்.

குறும்புக் குழந்தைகள் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளுக்குப் புதியவர்கள் அல்ல. மச்சிகோ ஹசெகாவா 1946இல் தொடங்கிய 'சசாயே-சான்' வீட்டிலேயே கத்சுவோ என்ற சேட்டைக்காரத் தம்பி உண்டு. 1986இல் மொமோகோ சகுரா தொடங்கிய 'சிபி மருகோ-சான்' சிறுமிகள் இதழில் வந்தது. 1970களில் ஷிமிசு ஊரில் கழிந்த தன் சொந்தச் சிறுவயதை அதில் அவர் வரைந்தார். பிறகு 2003இல் கியோஹிகோ அசுமா 'யொத்சுபா' என்ற ஐந்து வயதுச் சிறுமியின் கதையைத் தொடங்கினார். சிகாடா பூச்சியும் மழையும் பால்காரரும் அவளுக்கு உலக அதிசயங்கள். மருகோ கடந்துபோன காலத்தை நினைத்து ஏங்கவைக்கிறாள். யொத்சுபா உலகத்தைப் புதிதாகப் பார்க்கவைக்கிறாள். ஷின்சான் இரண்டும் செய்வதில்லை. அவன் பார்ப்பது பெரியவர்களை. அதனால்தான் மற்ற இருவரையும் பெரியவர்கள் உடனே தழுவிக்கொண்டார்கள். இவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

1992 ஏப்ரல் 13 அன்று டிவி அசாஹியில் ஷின்சான் கார்ட்டூனாக வந்தான். தயாரித்தது ஷின்-எய் அனிமேஷன். 'டோரேமான்' தொடரை எடுத்த அதே நிறுவனம். வளர்ந்த ஆண்களின் வார இதழிலிருந்து குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் மாலை நேரத்துக்கு அவன் இடம் மாறிய நாள் அது. குரல் கொடுத்தவர் அகிகோ யஜிமா என்ற பெண்மணி. சோம்பலும் திமிரும் கலந்த அந்த இழுவைக் குரலை நாடெங்கும் பிள்ளைகள் பேசிப் பழகினார்கள். அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். பெற்றோருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. யாருக்காகவோ எழுதிய நகைச்சுவை வேறொருவர் தட்டில் விழுந்தபோது, ஒவ்வொரு வீடும் தன்னந்தனியாக அதைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

தொடர் தன்னைத் திருத்திக்கொண்டது. உடையைக் கழற்றும் காட்சிகளும் குட்டும் புடைப்பும் காலப்போக்கில் குறைந்தன. அம்மா பிள்ளையை அடிப்பது சிரிக்கக்கூடிய விஷயம் இல்லை என்று ஜப்பானியச் சமூகம் உணரத் தொடங்கியதன் அடையாளமாகவும் இந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். யஜிமா 26 ஆண்டுகள் அந்தக் குரலைச் சுமந்தார். அந்தக் குரலைக் கொண்டுவருவதிலேயே கவனம் போய்விடுகிறது, பாத்திரம் இயல்பாக வருவதில்லை என்று சொல்லி 2018இல் விலகினார். அவர் இடத்துக்கு யுமிகோ கொபயாஷி வந்தார்.

நாடு தாண்டியபோது கதை இன்னும் விசித்திரமாகிறது. 2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஷின்சான் 'அடல்ட் ஸ்விம்' என்ற, பெரியவர்களுக்கான நள்ளிரவு நிகழ்ச்சி வரிசையில் வந்தான். வசனங்களையே மாற்றி இன்னும் காரமாக எழுதினார்கள். அதே ஆண்டு இந்தியாவில் ஹங்காமா என்ற குழந்தைகள் சேனலில் வந்தான். இந்தியோடு தமிழும் தெலுங்கும் பேசினான். ஸ்பெயினில் ஸ்பானிஷ் மட்டுமல்லாமல் கத்தலான், கலீசியன், பாஸ்க் மொழிகளின் வட்டாரத் தொலைக்காட்சிகளும் அவனைத் தத்தெடுத்துக்கொண்டன. ஒரே பையன், ஓர் ஊரில் நள்ளிரவுக்கு, இன்னோர் ஊரில் பள்ளி விட்ட நேரத்துக்கு.

இந்தியாவில் புகார்கள் எழுந்தன. 2008இல் ஒளிபரப்பு நின்றது. அடுத்த ஆண்டு வெட்டுகளோடு திரும்பி வந்தது. இடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: இந்தத் தொடர் எந்த வயதுக்கு உரியது? மொழிமாற்றம் செய்யப்பட்ட எந்தக் கார்ட்டூனையும் குழந்தைகள் சேனலில் போட்டுவிட்டால் அது குழந்தைகளுக்கானது ஆகிவிடும் என்ற எண்ணம்தான் அங்கே தவறிப்போனது. தடையும் வெட்டும் அந்த எண்ணத்தை மாற்றவில்லை.

வெட்டுகளுக்கு எட்டாத ஒன்று ஷின்சானில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் 2001இல் கெய்இச்சி ஹரா இயக்கிய திரைப்படத்துக்குப் போக வேண்டும். ஷின்சான் படங்கள் 1993 முதல் வந்துகொண்டிருக்கின்றன. இது அவற்றில் ஒன்பதாவது. கசுகாபேவில் 20ஆம் நூற்றாண்டுக் கண்காட்சி என்று ஒரு பூங்கா திறக்கிறது. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி அங்கே மறுபடியும் எழுந்து நிற்கிறது. பெரியவர்கள் அதில் கிறங்கிப்போகிறார்கள். ஒருநாள் காலை, அப்பாக்களும் அம்மாக்களும் குழந்தைகளாகவே மாறி, சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்தப் பழைய காலத்துக்குள் குடிபோய்விடுகிறார்கள். அந்தக் காலத்தின் வாசனையைக் காட்டித்தான் அவர்களை மயக்கியிருக்கிறார்கள். வீட்டில் சோறு இல்லை, விளக்கு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது.

ஷின்சான் அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். சின்னப் பையனாகிவிட்ட ஹிரோஷிக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. தொடர் முழுவதும் கேலிக்குரியதாக இருந்த ஒன்றை ஷின்சான் கையில் எடுக்கிறான். அப்பாவின் காலணி. ஊரே மூக்கைப் பொத்தும் நாற்றம். அதை அப்பாவின் மூக்கில் வைத்து அழுத்துகிறான்.

அப்போது வசனமே இல்லாமல் சில நிமிடங்கள் ஓடுகின்றன. தன் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும் சிறுவன். வளர்ந்து ஊரை விட்டு டோக்கியோ வருகிறான். அலுவலகத்தில் திட்டு வாங்குகிறான். மிசாயேவைச் சந்திக்கிறான். பிள்ளை பிறக்கிறது. வீடு வாங்குகிறான். வியர்வையில் நனைந்து தெருத்தெருவாக அலைந்து வேலை பார்க்கிறான். இரவு வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்து பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. ஹிரோஷி மகனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். பத்தாண்டு காலச் சிரிப்பு அனைத்துக்கும் அந்த இடத்தில் ஹரா கணக்குத் தீர்த்துவிட்டார். கடைசியில் ஷின்சான் மூக்கில் ரத்தம் வழிய, விழுந்து விழுந்து எழுந்து, கோபுரத்தின் படிகளில் ஓடுகிறான். எதற்கு இவ்வளவு என்று கேட்டால், நான் பெரியவனாக வேண்டும் என்கிறான். பழைய காலம்தான் நல்ல காலம் என்று சொன்ன பெரியவர்களுக்கு ஐந்து வயதுப் பிள்ளை சொன்ன பதில் அது.

அடுத்த ஆண்டு ஹரா எடுத்த போர்க்கால ஷின்சான் படம், ஜப்பானிய அரசின் ஊடகக் கலை விழாவில் அனிமேஷன் பிரிவின் உயரிய பரிசைப் பெற்றது. 2009இல் அது நடிகர்களை வைத்து 'பல்லாட்' என்ற திரைப்படமாகவும் வந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாத தொடர் என்று ஒரு பக்கம் பட்டியல் போட்ட அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது.

நொஹாரா வீட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. உசுயி இந்தத் தொடரைத் தொடங்கிய ஆண்டு 1990. ஜப்பானியப் பங்குச் சந்தை உச்சத்தைத் தொட்டது 1989 டிசம்பரில். அந்தக் குமிழி உடைந்து விழத் தொடங்கிய நேரத்தில் ஹிரோஷி பிறந்தார். எங்கும் இருக்கும் ஓர் ஆள், பெரிதாக எதையும் சாதிக்காத, மாதக் கடைசியில் காசுக்குத் தவிக்கும் அப்பா என்றுதான் உசுயி அவரை வரைந்தார். கார்ட்டூனில் 2001ஆம் ஆண்டு அந்த வீடே எரிவாயுக் கசிவால் வெடித்துச் சிதறியது. குடும்பம் இடிந்து விழும் நிலையில் இருந்த ஓர் அடுக்குக் குடியிருப்பில் தங்க வேண்டிவந்தது. வீடு போனாலும் கடன் போகவில்லை.

இன்று ஜப்பானிய இளைஞர்கள் ஹிரோஷியைப் பார்க்கும் பார்வையே வேறு. 35 வயதில் சொந்த வீடு, கார், நிரந்தர வேலை, ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைகள். தங்களால் எட்ட முடியாத உயரம் அது என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஹிரோஷி மாறவில்லை, அவர் வயது ஒரு நாள்கூடக் கூடவில்லை. அவரைச் சுற்றி இருந்த நாடு மாறிவிட்டது. சாதாரண மனிதனுக்கு உதாரணமாக வரைந்த ஒருவர் முப்பது ஆண்டுகளில் கொடுத்துவைத்தவராகிவிட்டார். ஜப்பானியப் பொருளாதாரத்தின் தேக்கத்தைப் புள்ளிவிவரம் இல்லாமல் விளக்கச் சொன்னால், நொஹாரா வீட்டைக் காட்டினால் போதும்.

மங்காவின் பிற்காலப் பக்கங்களில் உசுயி இன்னும் துணிந்தார். மழலையர் பள்ளியில் மத்சுசாகா என்று ஓர் ஆசிரியை உண்டு. நாகரிக உடை, வாயாடி, கல்யாணம் ஆகவில்லையே என்று கேலிக்கு ஆளாகிறவர். அவருக்கு மனத்துக்குப் பிடித்த ஒருவர் கிடைக்கிறார். புதைபடிவ ஆராய்ச்சிக்காக வெளிநாடு போன அவர் அங்கே குண்டுவெடிப்பில் இறந்துபோகிறார். மத்சுசாகா குடித்து அழுது நொறுங்குவதை உசுயி கூசாமல் வரைந்தார். சிரிக்க வந்த வாசகனுக்கு அது அதிர்ச்சி. தன் பாத்திரங்களுக்கு உண்மையான வாழ்க்கை உண்டு என்று நம்பியவரால் மட்டுமே அப்படி வரைய முடியும். கார்ட்டூனுக்கு அந்தப் பகுதி போகவில்லை.

2009 செப்டம்பர் 11 அன்று, மலைக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார் உசுயி. குன்மா, நகானோ மாநிலங்களின் எல்லையில் இருக்கும் அரஃபுனே மலை. அன்று அவர் திரும்பவில்லை. செப்டம்பர் 19 அன்று செங்குத்தான பாறைக்குக் கீழே ஓர் உடல் கிடைத்தது. மறுநாள் அது அவர்தான் என்று உறுதியானது. வயது 51. அவருடைய கேமராவில் இருந்த கடைசிப் படம், பாறை உச்சியிலிருந்து கீழ்நோக்கி எடுத்தது என்று செய்திகள் வந்தன. தொடர் மங்கா 50 தொகுதிகளோடு முடிந்தது. அவரோடு வேலை செய்த உதவியாளர்கள் 2010இல் புதிய தொடராக அதை மறுபடி தொடங்கினார்கள். தங்கள் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் போட்டுத்தான் வரைகிறார்கள். 2025இல் வந்த ஷின்சான் திரைப்படம் கசுகாபே பிள்ளைகளை இந்தியாவுக்கே அழைத்து வந்தது. இங்குள்ள திரையரங்குகளில் அது தமிழிலும் ஓடியது.

முதலில் பார்த்த இரண்டு தீர்ப்புகளுக்கு இப்போது வரலாம். பெற்றோர் சங்கத்தின் கணக்கிலும் உண்மை இருக்கிறது. பெண்களிடம் வழியும் அந்த வகை நகைச்சுவை வளர்ந்த ஆண்களுக்காக எழுதியது. நான்கு வயதுப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து அதைக் காட்டுவது சரியல்ல. அது இல்லாவிட்டாலும் ஷின்சான் குறையமாட்டான் என்பதைப் பிற்கால அத்தியாயங்களே காட்டிவிட்டன. ஆனால் கசுகாபே நகராட்சியின் கணக்கு இன்னும் ஆழமானது. கத்தும் அம்மாவும் களைத்த அப்பாவும் அடங்காத பிள்ளையும் இருக்கும் வீட்டில், ஒருவர்கூட மற்றவரைக் கைவிடுவதில்லை. மிசாயே ஒரு நாளும் நல்ல அம்மா போல நடிப்பதில்லை. ஷின்சான் காணாமல் போனால் முதலில் ஓடுவது அவள்தான். பிள்ளை வளர்ப்பு என்றால் இப்படித்தான் இருக்கும், தலை கலைந்துதான் இருக்கும் என்று ஓர் ஊர் தன் இளம் தாய்மார்களுக்குச் சொல்ல விரும்பினால், அதற்கு நொஹாரா குடும்பத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த அரங்கில் இருக்கும் பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஷின்சானைத் தடை செய்ய வேண்டாம். தனியாக விட்டுவிடவும் வேண்டாம். சமையலறையில் வேலை இருக்கிறது என்று தொலைக்காட்சியிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகாமல், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் பிள்ளை சிரிக்கிறது, எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அது ஏன், இது ஏன் என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஷின்சான் செய்ததில் எது சரியில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். சேனல் நடத்துபவர்கள் எந்த வயதுக்கு எந்தத் தொடர் என்பதைத் திரையிலேயே தெளிவாகப் போட வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் அந்த 2001ஆம் ஆண்டுத் திரைப்படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். வீட்டில் இருக்கும் அப்பாக்களைக் கட்டாயம் உட்காரவையுங்கள்.